ஒரு பூட்டு, ரெண்டு சாவி

தம்பி, அந்தப் பூட்டைத் தொடாதீங்க. குனிஞ்சு பாத்தது போதும், செத்த தள்ளி நில்லுங்க. அது மில்லுல பஞ்சு மூட்டை தூக்கறதுக்கு வெச்சிருந்த சங்கிலி. லாரியில கட்டி இழுத்தாலும் இந்த இரும்புக் கம்பிதான் பேந்துக்கிட்டு வரும், சங்கிலி வராது.

ஆமாங்க, நாந்தான் பூட்டுனேன். ரெண்டு சைக்கிளையும் சேத்துத்தான் பூட்டுனேன். தவறிப்போயெல்லாம் இல்லீங்க, தெரிஞ்சேதான் பூட்டுனேன். சாவிங்களா? சாவி என்கிட்ட இல்லீங்களே.

அட, இருங்க. நான் பைத்தியமில்ல. சீட்டுக்கு ஒரு பூட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு பூட்டு, பெடலுக்குக் கட்டுக்கம்பினு போட்டு வெச்சிருக்கற என்ற சைக்கிளைப் பாத்துப்போட்டு எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. சாவி இந்தப் பச்சைச் சைக்கிளுக்குச் சொந்தக்காரருகிட்ட இருக்குதுங்க. சென்னியப்பன்னு பேரு. சந்தைக்குள்ள போயிருக்காரு. கீரை வாங்கறதுக்கு அவருக்கு எப்பவுமே நேரமாகும், ஒவ்வொரு கட்டா எடுத்து மோந்து பாப்பாரு. இப்ப வந்துருவாரு. வந்து அவரு சாவியைப் போட்டுத் தொறப்பாரு.

என்னங்க? இந்தச் சைக்கிளை நீங்கதான் கொண்டாந்து நிறுத்துனீங்களா? உங்க சைக்கிளா?

தம்பி, பாத்தா நல்ல வீட்டுப் புள்ளையாட்டத் தெரியறீங்க. அப்படியெல்லாம் சொல்லப்படாது. ஹேண்டில் பாருல சுத்தியிருக்குதே நூலு, அது எங்க மில்லு நூலுங்க. ரப்பர் கைப்பிடி கிழிஞ்சு தொங்குனப்ப நாந்தான் சுத்திக் குடுத்தேன். செயின் கார்டுல நசுங்கல் இருக்குது பாருங்க, ஆத்துப் பாலத்துக்கிட்ட மாட்டு வண்டிக்காரன் இடிச்சது. அப்ப நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன். எங்கிட்டயே வந்து இது உங்க சைக்கிளுன்னா எப்படிங்க?

சட்டைப்பையில கையை விட்டு என்னத்தைத் தேடறீங்க? செல்போனா? போலீசைக் கூப்பிடறதுன்னா கூப்பிடுங்க, எனக்கென்ன பயம்? அவுங்க வந்தாலும் சென்னியப்பன் வர்ற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு ஒருத்தரு குடுத்தாருங்களா? யாரு...

வேண்டாம். சொல்லாதீங்க. இப்ப சொல்லாதீங்க. மொதல்ல நாஞ் சொல்றதைக் கேளுங்க, அப்பறம் நீங்க சொல்லுங்க. எப்படியும் பூட்டிக் கெடக்குது, எங்கியும் போக முடியாது. அந்தக் கொழாயடிக் கல்லுல உக்காருங்க. காலை நனைச்சுக்காதீங்க, ஒழுகும்.

நானும் சென்னியப்பனும் ஒரே மில்லுங்க. எந்த மில்லுன்னு சொன்னா இன்னைக்கு என்ன பிரயோசனம்? இடிச்சுப்போட்டு அபார்ட்மெண்டு கட்டிட்டாங்க. நானு நூலு ஓட்டற ஸ்பின்னிங்கு, அவரு பஞ்சு சிக்கெடுக்கற கார்டிங்கு. ஒரே ஷிப்டு. மில்லு சைக்கிள் ஷெட்டு இருக்குதே, அது ஒரு கொள்ளைக்காரன் குகைங்க. ஷிப்டு விட்டு வெளிய வந்தா ஒருத்தனுக்கு மணி இருக்காது, ஒருத்தனுக்கு வால்வு டியூப்பு இருக்காது. ஒருத்தன் சீட்டில்லாம நின்னுக்கிட்டே மிதிச்சு ஊடு போயிச் சேந்தான். அப்பத்தான் சென்னியப்பன் ஒரு ரோசனை சொன்னாரு. தனியா நிக்கற சைக்கிளைத் தூக்கிக்கிட்டுப் போயிருவான், ஒண்ணோட ஒண்ணு கட்டிக் கெடக்கற சைக்கிளை எவனும் தூக்க மாட்டான், ரெண்டு பேரும் சேத்துப் பூட்டிருவோம்னாரு. ஸ்டோர்ல கழிச்சுப் போட்ட சங்கிலியை எடுத்துக்கிட்டு வந்தோம். ஒரு பித்தளைப் பூட்டு வாங்குனோம். அமுக்குனாப் பூட்டிக்கும், தொறக்கறதுக்கு மட்டும் சாவி வேணும். ஒரு பூட்டு, ரெண்டு சாவி. அவருகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. அவரு சம்சாரம் அவரு சாவியில ஒரு செவப்பு நூலு கட்டி வெச்சுது, மாறிப்போயிரக் கூடாதுன்னு. ரெண்டும் ஒண்ணுதானம்மா, மாறுனா என்னன்னு நாங் கேட்டேன். இருந்தாலும் அவருது அவருதாவே இருக்கட்டுங்கண்ணானு சொல்லுச்சு. அது அப்படித்தான், புருசன் பொருளுன்னா உசுரு.

எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருந்துச்சுங்க. ஒருத்தர் முன்னாடி வந்தா, அடுத்தவரு வர்ற வரைக்கும் பூட்டைத் தொடக்கூடாது. ஏன்னா பாருங்க, ஒருத்தர் தொறந்து அவரு சைக்கிளை எடுத்துப்போட்டா மத்தது அநாதையா நிக்குமில்ல? அதனால காத்துக்கிட்டு நிக்கோணும். மழையானாலும் நிக்கோணும். ஒரு தடவை எனக்குக் கை வெரலு மெசின்ல மாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவருக்குத் தகவல் தெரியாது. அடுத்த ஷிப்டு ஆளுக உள்ள போயி, வாட்ச்மேன் வந்து சொல்ற வரைக்கும் ஷெட்டுலயே நின்னாரு. சொன்னப்பறம் ரெண்டு சைக்கிளையும் ரெண்டு கையில தள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. டாக்டரு சிரிச்சாரு.

மில்லை மூடுனாங்க. மூடுனதுக்கப்பறமும் காலையில காலையில இந்த உழவர் சந்தைக்கு ஒண்ணா வருவோம். இதே எடம், கொழாய்க்குப் பக்கத்துல மூணாவது கம்பி. இதே சங்கிலி, இதே பூட்டு. ஆளுக்கு ஒரு பை கத்திரிக்கா வாங்கறதுக்கு அத்தனை பெரிய சங்கிலி. சந்தையில கொத்தமல்லி விக்கற மயிலாத்தா கேக்கும், "ஏனுங், கத்திரிக்காயக் கட்டித் தூக்கப் போறீங்களா?"னு.

சரி, விசயத்துக்கு வாரேன். போன வருசம் ஆடிக் காத்துல ஆரம்பிச்சுதுங்க.

மொதல்ல மணி போச்சு. சந்தைக்குள்ள போயி வெளிய வர்றதுக்குள்ள மணியோட மேல் மூடியைத் திருகிட்டுப் போயிட்டான். சரி தொலையட்டும்னு விட்டேன். ஒரு வாரங் கழிச்சு டைனமோ. அப்பறம் காத்தடிக்கற பம்பு, கேரியருக்குக் கீழ கட்டி வெச்சிருந்தது. நான் சும்மா இருக்கற ஆளில்லீங்க. நட்டு போல்ட்டு எல்லாத்து மேலயும் எம்சீல் பசை வெச்சு அப்புனேன், எவன் ஸ்பேனரை வெச்சாலும் புடிக்காது. பெடலுக்குக் கட்டுக்கம்பி சுத்துனேன். அப்பறம் ஒரு நாள் சீட்டே போச்சு! அன்னைக்குத்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிடுச்சு. புதுச் சீட்டு போட்டேன், போட்டுப்போட்டு, அதைக் கழட்டிக் கையிலயே எடுத்துக்கிட்டு சந்தைக்குள்ள போக ஆரம்பிச்சேன்.

சிரிக்கறீங்க. எல்லாருந்தான் சிரிச்சாங்க. ஒரு கையில பை, ஒரு கக்கத்துல சைக்கிள் சீட்டு. தக்காளிக்காரன் தராசுல வெச்சுப் பாக்கட்டுங்களான்னான். மயிலாத்தா, "சீட்டு ஒரு கட்டு என்ன வெலைங்க?"னு கேட்டுது. கேட்டாக் கேக்கட்டும், அவுங்களுக்கா போச்சு? ஆனா சென்னியப்பனும் சிரிச்சாரு தம்பி. வவுத்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அதுதான் எனக்குத் தாங்கலை.

ஏன்னா நீங்களே நெனைச்சுப் பாருங்க. ரெண்டு சைக்கிளு. ஒரே சங்கிலியில பக்கத்துல பக்கத்துல நிக்குது. என்ற சைக்கிளுல மணி போகுது, டைனமோ போகுது, பம்பு போகுது, சீட்டு போகுது. அவரு சைக்கிளுல ஒரு நட்டு போகலை. ஒரே ஒரு நட்டு! அது எப்படிங்க? திருடனுக்கு என்ற மேல மட்டும் என்ன பிரியம்? நான் கேட்டேன். "என்ற சைக்கிளு ஓட்டைடா நாச்சி, எவன் தொடுவான்? நீதான் பொண்ணுக்கு நகை போட்டாப்புல எல்லாம் போட்டு வெச்சிருக்கறே"னாரு. நாச்சின்னா நாந்தான், நாச்சிமுத்து. அவரு மட்டுந்தான் அப்படிக் கூப்பிடுவாரு.

அதைக் கூட நான் விட்டுருப்பேன். மணிதான் தம்பி, மணிதான் என்னைச் சந்தேகப்பட வெச்சுது. என்ற மணி போன ரெண்டாவது வாரம் அவரு சைக்கிளுல புது மணி! அது வரைக்கும் அவரு சைக்கிளுல மணியே கெடையாது, வாயிலதான் கத்திக்கிட்டுப் போவாரு. இது ஏதுன்னேன். "ஒன்ற மணி போயிருச்சில்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும். நான் முன்னால அடிச்சுக்கிட்டுப் போறேன், நீ பாட்டுக்குப் பின்னால வா"னாரு. எப்படி இருக்குது பாருங்க பேச்சு! அடிச்சுப் பாத்தா அச்சு அசலு என்ற மணிச் சத்தம். கம்பெனி ஒண்ணா இருந்தா சத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு சொல்லுவீங்க. நான் விடலை. அவரு கீரைக்காரிகிட்ட நிக்கறப்ப வெளிய வந்து மூடியைத் திருகிப் பாத்தேன். என்ற மணிக்கு உள்பக்கம் ஆணியில 'நா'னு கீறி வெச்சிருந்தேன். இதுல கீறலே இல்ல. அப்பத்தான் எனக்கு ஒறுதியாச்சு, உப்புத்தாளு போட்டுத் தேச்சிருக்காருன்னு.

அவரை நான் திருடன்னு சொல்லலீங்க. அதை நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை நாஞ் சொன்னதில்ல. நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணுதான். பூட்டை மாத்துனேன்.

ஒரு நாள் எப்பவும் போல ரெண்டு பேரும் வந்தோம். அவரு முன்னாடி உள்ள போனாரு. நான் பூட்டறேன் போன்னு சொல்லிப்போட்டு, பழைய பூட்டை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். புதுப் பூட்டைச் சங்கிலியில மாட்டி அமுக்குனேன். புதுசுக்கு அவருகிட்டச் சாவி கெடையாது. நான் சந்தைக்குள்ள போகலை. அதா, அந்த டீக்கடைக்குள்ள போயி உக்காந்து, பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டேன். திருடனா இருந்தா மூஞ்சியில தெரியுமில்லீங்களா? அதைத்தான் பாக்கோணும்னு இருந்தேன்.

வந்தாரு. பை நெறையக் கீரை. சட்டப்படி பூட்டைத் தொடாம நின்னாரு. நின்னாரு, நின்னாரு, வெயிலு ஏறிப்போச்சு. அப்ப இந்தக் கொட்டாய் கூடப் போடலீங்க. துண்டைத் தலையில போட்டுக்கிட்டாரு. கீரையைக் கொண்டு போயிக் கொழாய்ல நனைச்சாரு. வாசப்பக்கம் எட்டி எட்டிப் பாத்தாரு. மயிலாத்தாகிட்டப் போயி என்னமோ கேட்டாரு, அது கையை விரிச்சுது. உள்ள ஒரு சுத்துப் போயிட்டு வந்தாரு. நான் ரெண்டாவது டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அப்பத்தான் தம்பி, இடுப்புல இருந்து சாவியை எடுத்துக் குனிஞ்சு பூட்டுல போட்டாரு.

பாத்தீங்களா! தொட்டுட்டாரு! நான் வராம பூட்டைத் தொடக்கூடாதுங்கறது சட்டம், அதை மீறிட்டாரு. மடியில கனமில்லாத ஆளு எதுக்குங்க தொடறாரு?

சாவி போகலை. எடுத்து வேட்டியில தொடச்சு மறுக்காப் போட்டாரு. போகலை. அப்பறம் பூட்டைக் கையில ஏந்திப் பாத்தாரு. பாத்துப்போட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் பேப்பரை மடிச்சு வெச்சுப்போட்டு எந்திரிச்சு வந்தேன்.

"ஏப்பா, ஆருமில்லாதப்ப எதுக்குப் பூட்டைத் தொட்டே?"ன்னேன்.

"ஒனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டேன் நாச்சி. சைக்கிளை எடுத்துக்கிட்டு உன்னைத் தேடிப் போலாம்னுதான்"னாரு. சொல்லிக்கிட்டே என்ற கையைப் பாத்தாரு. புதுச் சாவி. அப்பறம் டீக்கடையைப் பாத்தாரு. "பூட்டை மாத்திட்டியா?"னு கேட்டாரு.

"பொருளு போகுதில்ல"ன்னேன்.

அவ்வளவுதாங்க பேச்சு. சண்டையா இது? நீங்களே சொல்லுங்க. நான் தொறந்து விட்டேன். அவரு பையைக் கேரியருல வெச்சுக் கட்டுனாரு. கட்டிப்போட்டு, ஏறி உக்காரலை தம்பி, தள்ளிக்கிட்டே போனாரு. அந்த வளைவு திரும்பற வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் போனாரு. ஏன் தள்ளிக்கிட்டுப் போனாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை. டயருல காத்து இருந்துச்சு, நான் பாத்தேன்.

அடுத்த நாளு பாத்தா, எதுத்தாப்புல ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதா அந்த வேப்பமரத்தடியில அவரு சைக்கிளு நிக்குது. தனியா. அதுவும் எப்படி? பூட்டாம! ஒரு சின்னப் பூட்டுக் கூடப் போடாம மரத்துல சாத்தி வெச்சுப்போட்டு உள்ள போயிட்டாரு. எனக்கு எப்படி இருந்துருக்கும்? பாரு, நான் பூட்டாமலே நிறுத்தறேன், என்ற சைக்கிளை ஒருத்தன் தொடறதில்ல, நீ கட்டிக்கிட்டு அழுனு என்னைக் கேலி பண்ற மாதிரி இல்லீங்களா? வந்த கோவத்துல பழைய பூட்டுச் சாவி, என்ற சாவி, அதைக் கழட்டி அந்தச் சாக்கடையில வீசுனேன். பூட்டை மட்டும் வீசலை. பித்தளையில்ல? பையிலயே கெடந்துச்சு.

அதுக்கப்பறமும் பொருளு போச்சுங்க. அவரு அந்தப் பக்கம் போனப்பறமும் போச்சு. மட்கார்டு ரப்பரு போச்சு, பின்னாடி செவப்புக் கண்ணாடி போச்சு. அவரு ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கமே வர்றதில்ல. அப்ப எடுத்தது ஆருன்னு கேட்டா, நான் என்னத்தைச் சொல்றது? ஆளை வெச்சு எடுக்கறாராக்கும்னு கொஞ்ச நாளு நெனைச்சேன். அப்பறம் அதை நெனைக்கறதை விட்டுட்டேன். அவரு ஒரு நாளாச்சும் ரோட்டைத் தாண்டி வந்து, நான் எடுக்கலைடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். அவரு வரலை. நானும் போகலை. நான் எதுக்குப் போகோணும்? நான் பூட்டைத்தான மாத்துனேன்?

ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. தெனமும் பாப்பேன். அவரு மரத்துல சைக்கிளைச் சாத்துவாரு, இந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்பாரு, உள்ள போயிருவாரு. நான் இங்க நின்னு சீட்டைப் பூட்டிக்கிட்டிருப்பேன், சக்கரத்தைப் பூட்டிக்கிட்டிருப்பேன். அத்தனை நேரம் பூட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க, மெதுவாப் பூட்டுவேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, ஊட்டுல ஆரும் இல்லீங்க. சம்சாரம் போயிப் பல வருசமாச்சு. பொண்ணு ஈரோட்டுல இருக்குது, நாயித்துக்கெழமை போன் பண்ணும். சாப்பிட்டியாப்பானு கேக்கும், சாப்பிட்டேன்னு சொல்லுவேன், வெச்சிரும். கத்திரிக்கா என்ன வெலை, வெண்டைக்கா என்ன வெலை, இதுக்கு மேல நாள் முச்சூடும் வாயில இருந்து ஒரு பேச்சு வராது. சில நாளு பொழுதோட தனியா உக்காந்திருக்கறப்ப, நாச்சின்னு ஆரோ கூப்பிட்டாப்புல இருக்கும். ஆரு கூப்பிடப் போறா? ரொம்பத் தனியாப் போச்சு தம்பி. சைக்கிளுல எல்லாத்தையும் பூட்டி வெச்சிருக்கேன், ஒரு சாமானு போகறதில்ல இப்ப. மணி கூடப் புதுசு போட்டேன். அடிக்கறதுக்குத்தான் ஆளில்ல முன்னால.

அஞ்சாறு நாளா வேப்பமரத்தடி காலியாக் கெடந்துச்சு. பழனிக்குப் போயிருப்பாரு, அவருக்குப் பழனின்னா ரொம்பப் பிரியம்னு நெனைச்சேன். ரெண்டு நாளு மரத்தடி வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்தேன். சும்மா, நெழலுக்கு.

இன்னைக்குக் காலையில வந்து பாக்கறேன், பச்சைச் சைக்கிளு இங்க நிக்குது! ரோட்டுக்கு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். கொழாய்க்குப் பக்கத்துல, மூணாவது கம்பியில, எங்க எடத்துல. வந்துட்டாரு! ஒரு வருசங் கழிச்சு ரோட்டைத் தாண்டி வந்துட்டாரு! ஆளைக் காணோம், உள்ள போயிருக்காரு, கீரை வாங்க. நான் என்ன பண்ணட்டும்? உள்ள போயி, வாய்யானு கூப்பிட எனக்கு வராது. பொறந்ததுல இருந்தே அந்த வாய் எனக்கு இல்ல. அதனால என்ற சைக்கிளைப் பக்கத்துல நிறுத்துனேன். ரெண்டுக்கும் சேத்துச் சங்கிலியை விட்டேன். பைக்குள்ள கையை விட்டுப் பழைய பூட்டை எடுத்தேன். போட்டேன். அமுக்குனேன்.

புரியுதுங்களா தம்பி? என்ற சாவி சாக்கடையில போச்சு. இனி இதைத் தொறக்கறதுன்னா அவரு சாவிதான் தொறக்கோணும். அவரு வந்து பாப்பாரு. பழைய பூட்டுன்னு தெரிஞ்சுக்குவாரு. நான் வாயில சொல்ல வேண்டியதில்ல. அவரு தொறந்துட்டாருன்னா எல்லாஞ் சரியாப் போச்சுன்னு அர்த்தம். தொறக்காம நடந்தே போயிட்டாருன்னா... போக மாட்டாரு. இதா, ரெண்டு பருப்பு வடை கூட வாங்கி வெச்சிருக்கேன். அவருக்கு இந்தக் கடை வடைதான் புடிக்கும். ஆறிப்போச்சு.

என்னத்தையோ சொல்லோணும்னு வாயைத் தொறந்து தொறந்து மூடறீங்க. தெரியுது, எனக்கும் கண்ணு இருக்குது. வேலைக்கு நேரமாச்சாக்கும். கொஞ்சம் பொறுங்க.

மயிலாத்தா சாக்கை ஒதறுது. கீரைக்கடையை எப்பவோ ஏறக் கட்டிட்டாங்க. உள்ள இனி ஆரும் இல்ல.

சரி. சொல்லுங்க.

ஓசூருக்கா? அவரு பொண்ணு கூட்டிக்கிட்டுப் போயிருச்சா? எப்ப, போன வாரமா? திரும்பி வரமாட்டாரா? கண்ணு தெரியலீங்களா? ரெண்டு கண்ணுமா... சக்கரையில கொஞ்சங் கொஞ்சமாப் போச்சா. அடக் கடவுளே. மரத்துல சாத்தறப்பக் கையை நீட்டித் தடவிப் பாத்துத்தான் சாத்துவாரு, நான் அது குசும்புன்னு நெனைச்சனே. தெனமும் இந்தப் பக்கம் ஒரு பார்வை பாப்பாரே, அப்ப என்னைத் தெரிஞ்சிருக்குமா? சைக்கிளு தெரியுமா? சங்கிலிச் சத்தமாச்சும் கேக்கும், இல்லீங்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேக்குமில்ல?

நீங்க பக்கத்து ஊட்டுல குடியிருக்கறவுங்களா? உங்களுக்கு அவரு குடுத்துட்டுப் போனாரா. சரி. சரிங்க. நல்ல சைக்கிளு.

என்ன சொன்னாரு? திருப்பிச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

"சந்தைக்குப் போனா கொழாய்க்குப் பக்கத்துல மூணாவது கம்பியில நிறுத்துங்க. ஒருத்தர் வந்து பூட்டுவாரு. கோவிச்சுக்காதீங்க, அவருக்கு வாயில சொல்ல வராது, பூட்டத்தான் தெரியும். அவரு வர்ற வரைக்கும் நீங்க பூட்டைத் தொடாதீங்க. அவரு வந்தப்பறம் இந்தச் சாவியில தொறங்க"... அப்படியேவா சொன்னாரு? அவரு வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னா சொன்னாரு?

காட்டுங்க. சட்டைப்பையில இதைத்தான் தேடுனீங்களா? நான் போலீசைக் கூப்பிடறீங்கன்னு... இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. ஆமா. நாந்தான் விடலை.

செவப்பு நூலு. வெளுத்துப்போச்சு பாருங்க, ஆனா அதே நூலுதான். இத்தனை நாளும் வெச்சிருந்துருக்காரு. பூட்டே என்ற பையில கெடக்குது, எதைத் தொறக்கறதுக்குங்க இந்தச் சாவியை வெச்சிருந்தாரு?

மரத்தடியில பூட்டாம நிறுத்துனாரேன்னு நான் ஒரு வருசமா வவுறு எரிஞ்சனே. சங்கிலி என்கிட்டத்தான இருந்துச்சு. பூட்டு என்கிட்டத்தான இருந்துச்சு. அவரு எதை வெச்சுப் பூட்டுவாரு? நான் வந்து பூட்டுவேன்னுல்ல நிறுத்தியிருக்காரு. தெனமும் நிறுத்தியிருக்காரு. ரோட்டைத் தாண்டறதுக்கு எத்தனை நேரமாயிருக்கும் எனக்கு?

இல்ல, நாந் தொறக்கலீங்க. அது அவரு சாவி, நீங்கதான் தொறக்கோணும்.

இருங்க! இப்பத் தொறக்காதீங்க. சட்டப்படி ரெண்டு பேரும் வந்தாச்சு, தொறக்கலாந்தான். நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா தொறந்தா நீங்க எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. நேரமாச்சுன்னு தெரியுது. இதா, இந்த வடையைப் புடிங்க. ரெண்டையும் நீங்களே தின்னுங்க. அது வரைக்கும் ரெண்டு சைக்கிளும் ஒண்ணா நிக்கட்டும்.

மெதுவாவே தின்னுங்க தம்பி.